ஐயக்கடன்

"ஒரு நிஜ வியாபாரம். ஒரு மாதக் கணக்கு.
எவ்வளவு சிறிதானாலும் பரவாயில்லை,
பொய் மட்டும் கூடாது"
என்றார் கணக்குப்பதிவியல் ஆசிரியர்
ந்தாத்தே மொலெஃபி.
ஜன்னலுக்கு வெளியே மொகோட்லோங் மலைகளில்
ஆகஸ்ட் பனி.
கம்பளிக்குள்ளிருந்து நாற்பது பேரும் தலையாட்டினோம்.

மோசியுவா மாமாவின் டாக்ஸியை எடுத்துக்கொண்டான்.
போனொலோ, சவப்பெட்டிக் கடையை.
(அங்கேயும் கடன் சொல்கிறார்களாம்.)
நான் எங்கேயும் போகவில்லை.
என் வியாபாரம் என் காலடியில் இருந்தது:
மஞ்சள் பெயின்ட் வாளி, இருபது லிட்டர்,
உள்ளே துணி சுற்றிய மகுவென்யா,
எண்ணெயில் உப்பிய மாவுருண்டை,
ஒன்று இரண்டு மலோட்டி.
இடைவேளை மணி அடித்தால் முதலாளி.
மறுமணி அடித்தால் மூன்றாம் வரிசை.

குறிப்பேடு, பேரேடு, ரொக்க ஏடு,
மூன்றையும் ஒரே நோட்டில் கோடு போட்டுப் பிரித்தேன்.
உள்வருவது பற்று, வெளிச்செல்வது வரவு.
மாவு, ஈஸ்ட், சர்க்கரை, பாரஃபின்.
அடுப்புக்குத் தேய்மானம் போடப் பார்த்தால்
அது ஏற்கெனவே தேய்ந்து முடிந்திருந்தது.

ஒன்பதாம் தேதி கணக்கு உதைத்தது.
சுட்டது நாற்பது. காசுக்குப் போனது இருபத்தொன்பது.
கடனுக்கு எட்டு.
மூன்று எங்கே?
இரண்டு இரவு தேடினேன். கூட்டல் சரி.
வாளியில் ஓட்டை இல்லை.
பிறகுதான் நாக்குக்கு நினைவு வந்தது:
ஆற்றைக் கடக்கையில் விரல் விறைத்து
சூட்டுக்காகக் கையில் எடுத்தேன்.
கையில் எடுத்ததை வேறென்ன செய்வது.
எழுதினேன்: எடுப்புகள், ஆறு மலோட்டி.
திருட்டு என்று நினைத்திருந்தேன்.
பாடப்புத்தகத்தில் அதற்கொரு மரியாதையான பெயர் இருந்தது.

மாதக் கடைசி. கடனாளிகள் பட்டியல்.
ரெட்செபிலே, எட்டு.
அவள் பெயருக்கு 'நம்பினோம்' என்று பொருள்.
நம்பித்தான் கொடுத்தேன்.
மோசியுவா, பதினான்கு.
அடுத்த பெயரில் பேனா நின்றது.

பதின்மூன்று உருண்டை. இருபத்தாறு மலோட்டி.
ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக நீளும் கை,
"லிமாகட்சோ, சம்பளம் வரட்டும்."
சம்பளம் வந்தது.
மறுபடி வந்தது கை மட்டும்தான்.

விட்டுவிட்டால் விற்பனை பொய்.
அனாமத்தில் போட்டால், அனாமத்து யார் என்பார்.
வாராக்கடன் என்று அடித்துவிடலாம்;
மனிதர் தினமும் வருகிறாரே.
முழுப்பெயர் எழுதினேன், முதலெழுத்தோடு.
கீழே இரட்டைக் கோடு.
பக்கத்தில், பென்சிலில்: ஐயக்கடன்.

வியாழக்கிழமை நோட்டு திரும்பி வந்தது.
இருபதுக்குப் பதினெட்டு.
தேதி விட்டதற்கு ஒன்று போச்சு,
அடித்தல் திருத்தலுக்கு ஒன்று.
அவர் பெயருக்கு எதிரே
சிவப்பு மை கொஞ்சம் ஊறியிருந்தது,
பேனா அங்கே உட்கார்ந்து யோசித்த மாதிரி.
பிறகு ஒரு சின்ன 'சரி'.
அன்றைக்கு ஐயக்கடன் ஒதுக்கு நடத்தவேண்டிய நாள்.
"அது அப்புறம்" என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு
நேரே பங்குகளுக்குப் போய்விட்டார்.

இருபத்தைந்தாம் தேதி இடைவேளையில்
ஜன்னல் திறக்கவில்லை.
கதவு திறந்தது.
படியிறங்கி வந்து வரிசையில் நின்றார்,
எட்டாம் வகுப்புப் பொடிசுகளுக்குப் பின்னால்.
இருபது தாள் ஒன்று, பத்துத் தாள் ஒன்று.
உருண்டை கேட்கவில்லை.
சில்லறைக்கு நான் பையைத் துழாவ,
"இருக்கட்டும். முன்பணமாக எழுதிக்கொள்.
எந்தப் பக்கம் என்று தெரியுமில்லையா?"

தெரியும்.
நேற்றுவரை அவர் எனக்கு.
இன்று நான் அவருக்கு:
நாலு மலோட்டி, இரண்டு உருண்டை,
பொறுப்புகள் பக்கம்.

நாளையும் பனி என்கிறது வானொலி.
ஆற்றங்கரையில்
கை சும்மா இருக்கவேண்டும்.